வயிற்று ஒபரேஷன் செய்தவருக்கு என்ன சாப்பாடு கொடுப்பது?



இந்த இதழின் சுகாதாரப் பாடத்துக்கு வயிற்று ஒபரேஷனை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கர்ப்பப்பை எடுத்தவர்கள், குடல்வால் வெடித்து அவசரமாக வெட்டப்பட்டவர்கள், குடல் அடைப்பு, வயிற்றுக் கட்டி, பித்தப்பைக் கல் என்று சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் எந்த டிவிஷனில் தேடினாலும் ஓரிருவர் இருப்பார்கள். ஒபரேஷன் நடப்பது பெரிய ஆஸ்பத்திரியில். நாலைந்து நாளில் டிக்கட் வெட்டி அனுப்பிவிடுவார்கள். மிச்சக் காயம் ஆறுவது நம்முடைய லயக் காம்பராவில்தான். அந்த ஆறு, எட்டு வாரத்தில் வீட்டிலுள்ளவர்கள் செய்ய வேண்டியதைப் பற்றியதே இந்தப் பாடம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் மேல் டிவிஷனில் கொழுந்தெடுக்கும் ஒரு அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து, வயிற்றை வெட்டி எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். மாமியார்தான் பார்த்துக்கொண்டார். காலையில் வெறும் அரிசிக் கஞ்சி. மத்தியானம் ரசமும் கொஞ்சம் சோறும். இரவில் கொத்தமல்லித் தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும். முட்டை கொடுத்தால் சீழ் வைக்கும், மீன் கிரந்தி, பருப்பு வாய்வு, கீரை குளிர்ச்சி என்று ஒன்றையும் கிட்ட விடவில்லை. பத்தாம் நாள் நாங்கள் பார்க்கப் போனோம். அடுப்பில் கஞ்சிப் பானையைக் கண்டோம். "நல்லா பத்தியம் காக்கிறீங்க அம்மா" என்று சொல்லி, அவர் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தோம்.

பதினாறாம் நாள் தையல் போட்ட இடம் விலகிச் சீழ் வடிந்தது. திரும்பவும் ஆஸ்பத்திரி. ஒபரேஷனுக்குப் போகும்போது 46 கிலோ இருந்தவர் அன்றைக்கு 40 கிலோ. வாட்டு டாக்டர், "இவங்க வீட்டில என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். மாமியார் ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. "கிருமி பட்டதும் ஒரு காரணம்தான் அம்மா. ஆனா காயத்தை ஆத்துறதுக்கு உடம்புக்குள்ள சாமான் ஒண்ணுமில்லையே" என்றார். அந்த அக்கா இன்னும் மூன்று வாரம் வாட்டில் இருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த மாமியார் அழுதார். "நான் கெட்டது நினைச்சா செஞ்சேன்?" என்று கேட்டார். இல்லை. தனக்குத் தெரிந்ததை முழு அன்போடு செய்தார். நாங்கள்தான் பயிற்சி வகுப்புகளில் கேட்டு அறிந்திருந்தும், பெரியவரை மறுத்துப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்தோம். அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

லயத்துச் சுவரில் ஒரு பக்கம் இடிந்துவிட்டால் என்ன செய்வோம்? கல், மணல், சீமெந்து வேண்டும். வேலையாளுக்குச் சாப்பாடும் வேண்டும். வெட்டிய வயிறும் அப்படித்தான். தோல், அதற்குக் கீழே கொழுப்பு, தசையை மூடியிருக்கும் கெட்டியான படலம், சில ஒபரேஷன்களில் குடலும் கூட, இவ்வளவும் வெட்டித் தைக்கப்பட்டிருக்கின்றன. தையல் நூல் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்கிற கயிறு மாத்திரமே. ஓரங்களை நிரந்தரமாக ஒட்டவைப்பது உடம்பு தானே செய்கிற புது இழை. அந்த இழைக்குக் கல்லும் சீமெந்தும் புரதச் சத்து. அதை இறுக்கிக் கட்ட விற்றமின் சி, விற்றமின் ஏ, நாகம் எனப்படும் சிங்கச் சத்து ஆகியவை வேண்டும். வேலை நடப்பதற்குச் சோறு, ரொட்டி, தேங்காயெண்ணெய் தரும் சக்தியும் வேண்டும்.

பெரிய ஒபரேஷனுக்குப் பிறகு இந்தத் தேவை வழமையைவிடக் கூடுகிறது. சாப்பாட்டில் புரதம் வராவிட்டால் உடம்பு சும்மா இருக்காது. கை, கால், தொடைத் தசைகளைக் கரைத்து அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒபரேஷன் செய்தவர் பத்துப் பதினைந்து நாளில் எலும்பும் தோலுமாகப் போவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். அதோடு நோயெதிர்ப்புச் சக்தியும் குறையும். காயத்தில் கிருமி பிடிக்கும். சளி நெஞ்சில் தங்கும்.

இதை வைத்தியர்கள் நேற்று இன்று கண்டுபிடிக்கவில்லை. 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரில் ஹைரம் ஸ்டட்லி என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், வயிற்றுப்புண்ணுக்காக ஒபரேஷன் செய்துகொண்டவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஒபரேஷனுக்கு முன்பே உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்து மெலிந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். அவ்வளவு மெலியாதவர்களில் 100க்கு மூன்று, நான்கு பேரே இறந்திருந்தார்கள். வெட்டியது ஒரே விதமான நோய்க்குத்தான். வித்தியாசம் உடம்பிலிருந்த சத்தில் இருந்தது.

பத்தியத்தில் எது சரி, எது பிழை?

நம் பெரியவர்கள் சொன்னது எல்லாமே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. மெதுவான சாப்பாடாகக் கொடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, சூடாகச் சமைத்துக் கொடு, காரத்தைக் குறை, பழஞ்சோறு கொடுக்காதே என்று சொன்னார்கள். இவை நல்ல புத்திமதிகள். விட்டுவிடாதீர்கள்.

ஆனால் முட்டை சீழ் வைக்கும் என்பது சரியில்லை. சீழ் வருவது கிருமியால். அழுக்குக் கை, அழுக்குத் துணி, காயத்தில் வைக்கும் பச்சிலை, சாம்பல், எண்ணெய் ஆகியவற்றால் கிருமி உள்ளே போகும். நன்றாக அவித்த முட்டையால் போகாது. மீனும் பருப்பும் காயத்துக்குக் கெடுதல் செய்வதில்லை. ஒருவருக்கு முன்பே ஏதாவது மீன் சாப்பிட்டால் உடம்பு தடித்துச் சொறிகிறது என்றால் அந்த மீனை மாத்திரம் விட்டுவிடுங்கள். பருப்பு வயிற்றை ஊதப் பண்ணினால் நன்றாக ஊறவைத்து, குழைய அவித்து, இஞ்சி, பூண்டு, பெருஞ்சீரகம் போட்டுக் கொஞ்சமாகத் தொடங்குங்கள். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம்.

வெறுங்கஞ்சி வயிற்றை நிரப்பும். ஆனால் ஒரு கோப்பைக் கஞ்சியில் இரண்டு கிராம் புரதம்கூட இருப்பது கஷ்டம். ரசத்திலும் கொத்தமல்லித் தண்ணியிலும் அதுவும் இல்லை. கஞ்சியை நிறுத்தச் சொல்லவில்லை. அதே கஞ்சியில் ஒரு பிடி பயறு அல்லது பருப்பு போட்டுக் காய்ச்சுங்கள், இறக்கும்போது ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். பத்தியமும் கெடாது, சத்தும் சேரும்.

எப்போது எதைக் கொடுப்பது?

முதல் நாட்கள், ஆஸ்பத்திரியில்: காற்றுப் பிரியும்வரை ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது என்பது ஒரு காலத்தில் எல்லா வாட்டுகளிலும் இருந்த சட்டம். டென்மார்க் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றிக் கெலெட் 1990களில், நோவை நன்றாகக் குறைத்து, சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்து, சீக்கிரம் சாப்பாடு கொடுத்தால் நோயாளி விரைவாகத் தேறுகிறார் என்று காட்டினார். அதன் பிறகு பல நாடுகளில் பழக்கம் மாறியது. இப்போது பலருக்கு ஒரு நாளைக்குள்ளேயே தண்ணீரும் மெதுவான ஆகாரமும் தொடங்குகிறார்கள். ஆனால் எல்லா ஒபரேஷனும் ஒன்றல்ல. குடலை வெட்டித் தொடுத்தவருக்கு ஒரு விதம், குடல் ஓட்டையாகி வயிறு முழுக்கச் சீழ் பரவியவருக்கு இன்னொரு விதம். ஆகையால் வாட்டில் இருக்கும்வரை டாக்டரும் மிஸ்ஸியும் சொன்ன பிறகே கொடுங்கள். பார்க்கப் போகிறவர் ரகசியமாக இடியப்பமும் பழமும் ஊட்டிவிட்டு வரக் கூடாது. அவர்கள் "இனிச் சாப்பிடலாம்" என்று சொன்ன பிறகு பயந்து மறுக்கவும் கூடாது.

வீட்டுக்கு வந்து முதல் இரண்டு வாரம்: வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். மூன்று பெரிய சாப்பாட்டுக்குப் பதிலாக ஆறு சின்னச் சாப்பாடு கொடுங்கள். குழைந்த சோறு, பருப்பு, அவித்த முட்டை, முள் எடுத்த மீன், மசித்த பூசணி, கரட், உருளைக்கிழங்கு, நன்றாகப் பழுத்த பப்பாசி, வாழைப்பழம் எல்லாம் ஏற்றவை. தட்டில் முதலில் முட்டை, மீன், பருப்பைச் சாப்பிட்டு முடிக்கட்டும், பிறகு சோறு. பசியில்லை என்பார்கள். மருந்துக் குளிசையை நேரத்துக்குக் கொடுக்கிற மாதிரிச் சாப்பாட்டையும் நேரத்துக்குக் கொடுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து: வழமையான சாப்பாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, கெளபி, கடலை ஆகியவற்றைச் சேருங்கள். மலச்சிக்கல் வர விடாதீர்கள். முக்கும்போது வயிற்றுத் தையல் முழுவதும் இழுபடும். தண்ணீர் தடை சொல்லப்படாதவர் நாளைக்கு ஆறு, எட்டுக் கோப்பை கொதித்தாறிய தண்ணீர் குடிக்க வேண்டும்.

சிலருக்குத் தனிச் சட்டம் உண்டு. குடலின் ஒரு பகுதியை எடுத்தவர்கள் நார்ச்சத்துள்ள கீரை, கடலையை எப்போது தொடங்குவது என்று கிளினிக்கில் கேட்க வேண்டும். வயிற்றில் பை வைத்திருப்பவர்கள் நன்றாக மென்று சாப்பிட வேண்டும். பை தண்ணீராக நிரம்பினால் உடனே காட்ட வேண்டும். பித்தப்பை எடுத்தவர்கள் முதலில் பொரியலையும் கெட்டித் தேங்காய்ப்பாலையும் குறைக்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் மருந்தை விடக் கூடாது. இரத்தத்தில் சீனி ஏறினால் காயம் ஆறத் தாமதமாகும். சிறுநீரக வருத்தக்காரர் எவ்வளவு புரதம் சாப்பிடலாம் என்பதை டாக்டரே சொல்ல வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? எங்கே கிடைக்கும்?

ஒபரேஷன் செய்தவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்று போசாக்கு நிபுணர்கள் சொல்கிறார்கள். 45 கிலோ உள்ள ஒருவருக்கு 54 முதல் 67 கிராம். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். கணக்குப் பார்த்தால் நம்முடைய கடைச் சாமானிலேயே முடியும்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. சமைக்காத பருப்பு 50 கிராமில் 12 கிராம். பயறு, கெளபி, கடலையிலும் ஏறக்குறைய அதே அளவு. உலர்ந்த நெத்தலி 20 கிராமில், அதாவது ஒரு சின்னக் கைப்பிடியில் 10 முதல் 12 கிராம். சோயாமீட் 20 கிராமில் சுமார் 10 கிராம். பால் மா 20 கிராமில் 5 கிராம்.

ஒரு நாளைக்கு இப்படிக் கொடுத்துப் பாருங்கள்:

காலை எழும்பியதும்: பால் ஒரு கோப்பை (5 கிராம்).
காலைச் சாப்பாடு: மெல்லிய ரொட்டி இரண்டு, கெட்டிப் பருப்பு (12 கிராம்).
பத்து மணிக்கு: அவித்த முட்டை ஒன்று, ஒரு துண்டு பப்பாசி (6 கிராம்).
மத்தியானம்: சோறு, நெத்தலிக் குழம்பு, பூசணி அல்லது கீரை, தேசிக்காய் பிழிந்தது (17 கிராம்).
நாலு மணிக்கு: அவித்த பயறு ஒரு பிடி, தேங்காய்ப்பூ தூவி (7 கிராம்).
இரவு: குழைந்த சோறு அல்லது கஞ்சி, பருப்பு (10 கிராம்).

கூட்டினால் 57 கிராம் வருகிறது. இதில் இறைச்சி இல்லை, விலை கூடிய டின் மா இல்லை. நெத்தலியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்புக் குறையும். மச்சம் சாப்பிடாத வீட்டில் நெத்தலிக்குப் பதிலாகச் சோயாமீட், முட்டைக்குப் பதிலாகத் தயிர் அல்லது கடலை. ரொட்டி மட்டும், சோறு மட்டும் என்றால் அந்தப் புரதம் அரைகுறை. ரொட்டியோடும் சோற்றோடும் பருப்பு சேரும்போதுதான் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். வெறும் சம்பலோடு ரொட்டி என்பது ஒபரேஷன் செய்தவருக்குக் காணாது.

கொய்யா, நெல்லி, தேசிக்காய், தோடம்பழம், பப்பாசி ஆகியவற்றில் விற்றமின் சி உண்டு. லயத்துப் பின்பக்கம் காய்க்கிற கொய்யாவைப் பிள்ளைகள் அணிலுக்கு விட்டுவிடாமல் பறித்து வந்து கொடுக்கட்டும். பூசணி, கரட், முருங்கையிலையில் விற்றமின் ஏ ஆகும் சத்து உண்டு.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் முட்டையும் மீனும் பால் மாவும் எந்த விலைக்குப் போயின என்பது நமக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குத் தனியே கஷ்டமாக இருந்தால் லயத்துக்காரர் பங்குபோடுங்கள். ஒபரேஷன் செய்தவரைப் பார்க்கப் போகும்போது கிறீம் பிஸ்கட் பக்கற்றும் சோடாப் போத்தலும் கொண்டுபோகிறோம். அந்தக் காசுக்கு நாலு முட்டையோ, கால் கிலோ பருப்போ கொண்டுபோவோம்.

தேத்தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை

தேயிலையில் வாழ்கிற நாம் தேத்தண்ணியைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் இரண்டு விஷயம். சீனி போட்ட சாயத்தண்ணி பசியை அடக்கும், சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, சாப்பாட்டோடு குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒபரேஷனில் இரத்தம் இழந்தவருக்கு, அதற்கு முன்பே மாதவிடாயில் அதிகம் இரத்தம் போனவருக்கு, இரும்புச் சத்து மிகவும் தேவை. எனவே சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி கொடுங்கள். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்கலாம்.

சிகரட், பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை ஆகியவை இரத்தக் குழாயைச் சுருக்கிக் காயத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும். காயம் ஆறும்வரையாவது இவற்றை நிறுத்துங்கள். சாராயமும் வேண்டாம்.

பாரம் தூக்குவது

சாப்பாடு சரியாகக் கொடுத்தும் சிலருக்குப் பிறகு வயிற்றில் குடலிறக்கம் வருகிறது. வெளியே தோல் ஆறிவிட்டது என்பதால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். மூன்று வாரத்தில் காயத்தின் பலம் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்களவில்தான் இருக்கும். மூன்று மாதமளவில்தான் ஐந்தில் நான்கு பங்குக்கு வரும். இந்தக் கணக்கை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

தண்ணீர்க் கேன் 20 லீட்டர் என்றால் 20 கிலோ. கொழுந்துச் சாக்கு, விறகுக் கட்டு, இரண்டு வயதுப் பிள்ளை எல்லாமே 10 கிலோவுக்கு மேல். வயிற்றைப் பெரிதாக வெட்டியவர் முதல் ஆறு வாரமாவது நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. மலையில் ஏறி முழுப் பாரம் சுமக்கும் வேலைக்கு இன்னும் கூடிய காலம் தேவைப்படலாம். அதைக் கிளினிக்கில் டாக்டரிடமே தெளிவாகக் கேளுங்கள். "வேலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நான் மலையில் கொழுந்தெடுக்கிறேன், இத்தனை கிலோ சுமந்து சரிவில் நடக்கிறேன்" என்று சொல்லுங்கள். மேசை வேலை என்று நினைத்து எழுதிவிட்டால் கஷ்டம் உங்களுக்குத்தான். டாக்டர் எழுதிய துண்டைத் தோட்ட ஆஸ்பத்திரியிலும் எங்களிடமும் கொண்டுவந்து காட்டுங்கள். இலேசான வேலை கேட்டுக் கொடுப்பதற்கு நாங்கள் பேசுவோம்.

படுத்தே கிடக்கவும் கூடாது. முதல் நாளிலிருந்தே சொன்னபடி எழுந்து நடக்க வேண்டும். லயத்து வாசலில் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை, பிறகு கொஞ்சம் கூட்டிக் கூட்டி. நடந்தால்தான் காற்றுப் பிரியும், பசி வரும், காலில் இரத்தம் கட்டாது, சாப்பிட்ட புரதம் தசையாகும். எழும்பும்போது நேராக எழும்பாமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழும்புங்கள். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடியுங்கள்.

நிறுத்துப் பாருங்கள்

நாம் எடுத்த கொழுந்தை ஒவ்வொரு நாளும் நிறுக்கிறோம். ஒரு கிலோ குறைந்தால் சண்டை பிடிக்கிறோம். நம்முடைய உடம்பை வருடத்தில் ஒரு தடவையும் நிறுப்பதில்லை. ஒபரேஷன் செய்தவரை வாரம் ஒரு முறை தோட்ட ஆஸ்பத்திரித் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். ஒரு மாதத்தில் 45 கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தால் சும்மா இருக்க வேண்டாம், தோட்ட வைத்திய உதவியாளரிடம் சொல்லுங்கள்.

ஒபரேஷனுக்குத் திகதி கொடுத்துக் காத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் திகதி என்றால் அது சும்மா இருக்கும் காலமல்ல. இப்போதே முட்டை, பருப்பு, கீரை சாப்பிட்டு, இரத்தக் குறைவு இருந்தால் மருந்தெடுத்து, பலத்தோடு போங்கள்.

உடனே கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள்

1. காய்ச்சல் 38 பாகைக்கு மேல், அல்லது நடுக்கம்.
2. காயம் சிவந்து, வீங்கி, சூடாகி, சீழ் அல்லது கெட்ட வாடை.
3. காயத்திலிருந்து திடீரென இளஞ்சிவப்பாகத் தண்ணீர் மாதிரி ஒழுகுதல். உள்ளே தையல் விடுவதற்கு இது முன்னறிவிப்பாக இருக்கலாம்.
4. நிற்காத வாந்தி, வயிறு ஊதுதல், காற்றும் மலமும் போகாமை.
5. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல், மூச்சு முட்டுதல், நெஞ்சு நோதல்.
6. சிறுநீர் போகாமை, அல்லது எரிவோடு போதல்.

காயம் பிளந்து குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியைக் கொதித்தாறிய தண்ணீரில் நனைத்து மேலே மூடி, நோயாளியை முழங்கால் மடக்கிப் படுக்கவைத்து, வாயில் ஒன்றும் கொடுக்காமல் கொண்டுபோங்கள். 2016இல் தொடங்கிய சுவசெரிய இலவச அம்பியுலன்ஸ் சேவைக்கு 1990 என்ற இலக்கத்தை அழுத்தலாம். பாதை மோசமாக இருந்தால், பெரிய பாதைவரைக்கும் கொண்டுவர லொறி கேட்டு அதே நேரம் தோட்ட ஆபீசுக்கும் ஆளனுப்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளை, இரவில் வீட்டிலுள்ள எல்லாருக்கும், முக்கியமாகப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். பிறகு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. காயத்தில் சீழ் வருவது எதனால்?
2. வெறுங்கஞ்சியைச் சத்துக் கஞ்சியாக்குவது எப்படி?
3. நம் வீட்டில் நேற்றுச் சாப்பிட்டதில் புரதம் எத்தனை கிராம்?
4. அம்மாவுக்கு ஒபரேஷன் என்றால் ஆறு வாரம் தண்ணீர் எடுப்பது யார், விறகு கொண்டுவருவது யார்?

நாலாவது கேள்விக்கு ஆம்பிளைகள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் அனுபவத்தில், மருந்து குறைந்ததால் கெட்ட காயத்தைவிட, "நான் எழும்பாட்டி யார் செய்யிறது?" என்று நினைத்து எழும்பியதால் கெட்ட காயங்களே அதிகம்.

அந்த மேல் டிவிஷன் அக்கா தேறி வந்து, இப்போதும் மலையில் கொழுந்தெடுக்கிறார். போன வருடம் அதே லயத்தில் ஒரு பையனுக்குக் குடல்வால் வெடித்து ஒபரேஷன் நடந்தது. அவன் வீட்டுக்கு வந்த அன்று நாங்கள் பார்க்கப் போனோம். அந்த மாமியார் எங்களுக்கு முன்னே அங்கே உட்கார்ந்திருந்தார். முந்தானையில் இரண்டு முட்டை முடிந்து கொண்டுவந்திருந்தார். பையனின் தாய் தயங்கினார். "சீழ் வைக்காது புள்ள. நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவிச்சுக் குடு" என்று அவரே சொன்னார். இந்த முறை நாங்களும் வாயைத் திறந்து, அவர் சொல்வது சரி என்று சொன்னோம்.